விழப்போகிற பல்தானே!

"எப்படியும் விழப்போகிற பல்தானே, பிடுங்கிப் போட்டுவிட்டு வாருங்கள்!" கன்னம் வீங்கி அழும் 5 வயதுப் பிள்ளையைப் பார்த்து நம் வீட்டு உம்மம்மாமார்கள் கூறும் யோசனை இது. பிள்ளையின் வேதனை தீர்ந்தால் போதும் என்று பெற்றோரும் இணங்கிவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து, அதே பிள்ளைக்குப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைக்கும்போது, 'யாருடைய ஜாடையோ' என்று பரம்பரையின் மீது பழி போடுகிறோம். பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆயினும், அன்று பிடுங்கிய பல்லுக்கும் அதில் பங்கிருக்கலாம்.

பால்பற்கள் மொத்தம் 20. இவற்றுள் முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப் பற்களோ 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. எல்லாவற்றையும் 'பால்பல்' என்று ஒரே பெயரால் அழைப்பதால் இந்த வேற்றுமை நமக்குப் புலப்படுவதில்லை.

மெல்லுவது மட்டுமா அதன் வேலை? பின்னால் வரப்போகும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. 6 வயதளவில், பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிலையான பல். அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப் பல்தான் அதற்கு எல்லைச் சுவர். அந்தச் சுவர் முன்னதாகவே போய்விட்டால், புதிய பல் முன்னோக்கிச் சாய்ந்து நகர்ந்துவிடும். 11 வயதளவில் அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல் தாடைக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். அல்லது வரிசையை விட்டு விலகி முளைக்கும். மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்திக் கடிக்கும் முறையும் மாறலாம். கீழ்த்தாடையில் ஒரு பக்கக் கோரைப்பல் முன்னதாகப் போனால், முன்பற்கள் அப்பக்கம் சரிந்து, இரு வரிசைகளின் நடுக்கோடுகளும் நேராக நில்லா.

பிள்ளை விழுந்து மேல் முன்பல் போய்விட்டால் வீடே பதறுகிறது. அங்கே இடம் அவ்வளவாகக் குறைவதில்லை. நாம் பதற வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லுக்குத்தான்!

ஆகவே, "பிடுங்கிவிடுங்கள்" என்று மருத்துவரிடம் நாமே தீர்ப்புக் கூறாமல், "காப்பாற்ற இயலுமா?" என்று கேட்போம். பால்பல்லுக்கும் வேர் உண்டு. வேர்ச் சிகிச்சையும் உண்டு. அதன்மேல் எஃகு உறை போட்டு, விழும் பருவம் வரை வைத்திருக்கலாம். எடுத்தே தீரவேண்டிய நிலையிலும் வழி இருக்கிறது. பக்கத்துப் பல்லில் ஒரு வளையத்தை மாட்டி, வெற்றிடத்தின் குறுக்கே கம்பி வளைவு ஒன்றை நிறுத்தி இடத்தைக் காக்கின்றனர். இதற்கு 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்று பெயர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படாது. அடியில் உள்ள பல் வெளிவரும் தறுவாயில் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். ஆனால், இடம் பெரும்பாலும் முதல் 6 மாதங்களிலேயே குறைந்துவிடுவதால், 'பெருநாள் கழியட்டும், பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போடுவது ஆகாது. புதுப்பல் தலைகாட்டியதும் கம்பியை அகற்றிவிடுவர்.

உங்கள் வீட்டில் 6, 7 வயதுப் பிள்ளை இருக்கிறதா? இன்றிரவு நல்ல வெளிச்சத்தில் அதன் வாயைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். ஐந்து பற்களுக்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று எட்டிப் பார்க்குமானால், அதுதான் இனி ஆயுள் முழுவதும் இருக்கவேண்டிய பல்.