வேட்கையும் சோர்வும்



குடியை விட முடியாதவனைக் கண்டால் ‘நெஞ்சுரம் அற்றவன்’ என்கிறோம். எதிலும் பற்றின்றி முடங்கிக் கிடப்பவனைக் கண்டால் ‘சோம்பேறி’ என்கிறோம். இவ்விரு சொற்களும் வீட்டுத் திண்ணையிலும் ஆசிரியர் அறையிலும் வெகு எளிதாக வழங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பணியில் இருந்த நான் அவற்றைப் பன்முறை கேட்டிருக்கிறேன். அவை பொருத்தமான சொற்கள்தாமா என்று ஆராய்வது அவசியம். ஏனெனில், ஒன்றைக் குற்றம் என்று கொண்டால் தண்டனையைத் தேடுவோம்; நோய் என்று கொண்டால் பரிகாரத்தைத் தேடுவோம். இந்த ஆராய்ச்சியில் வாயில்லாப் பிராணிகள் விஞ்ஞானிகளுக்கு உணர்த்திய சில உண்மைகளை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் எலியைக் கவனிப்போம். கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் 1953-ஆம் ஆண்டில் ஓர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினர். கம்பி அவர்கள் கருதிய இடத்தை அடையாமல் விலகி வேறோர் இடத்தில் பதிந்துவிட்டது. மேசையின் ஒரு மூலைக்கு எலி செல்லும்போது சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினர். அஞ்சி ஓட வேண்டிய எலி அம்மூலையையே நாடித் திரும்பத் திரும்ப வந்தது! பிறகு, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயுமாறு அமைத்தார்கள். அடுத்து நடந்த சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அதனை அழுத்தின. மூளையில் நாட்டத்தைத் தூண்டும் பகுதிகள் உண்டு என்பது 1954-இல் வெளியான அவர்களது கட்டுரையால் உலகுக்குத் தெரியவந்தது.

இப்பகுதிகளில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் தூதுவனைப் போல் இயங்குகிறது. 1988-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் டி கியாராவும் இம்பெராட்டோவும் மது, நிக்கோட்டின், அபினிச் சரக்குகள், கொக்கேய்ன் ஆகியவற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். தம்முள் வேறுபட்ட இப்பொருள்கள் யாவும் மூளையின் ஒரே பகுதியில் டோபமைனைப் பெருக்கின. வாயில்கள் பல, சென்று சேரும் அறை ஒன்றே.

அப்படியானால் டோபமைன்தான் இன்பமோ? இன்று என்பதே விடை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் முதலியோர் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முற்றிலும் அழித்துப் பார்த்தனர். அவ்வெலிகள் உணவு அருகில் இருந்தும் உண்ணவில்லை. ஆனால் சர்க்கரை நீரை வாயில் விட்டதும், மற்ற எலிகளைப் போலவே நாவைச் சுழற்றிச் சுவைத்தன. சுவை உணர்ச்சி அழியவில்லை. நாடிச் செல்லும் வேட்கையே அழிந்திருந்தது. ஆகவே வேட்கை வேறு, இன்பம் வேறு. நாளடைவில் போதைப் பொருள் தரும் இன்பம் குறைய, வேட்கை மட்டும் வளர்கிறது என்பது இவர்கள் கொள்கை. குடியைச் சபித்துக்கொண்டே கடைக்கு நடப்பவனுடைய நிலை இதனால் ஓரளவு விளங்குகிறது அன்றோ?

இனி, மனச்சோர்வுக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கொண்டு சோதனை செய்தனர். சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடிந்தது. வேறு சிலவற்றுக்கு அதே அளவு அதிர்ச்சி. நிறுத்தும் வழி மட்டும் இல்லை. பின்னர், தாழ்ந்த தடையைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் அவற்றை விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்து முனகின. அவற்றைக் கயிற்றால் பன்முறை இழுத்துத் தாண்டச் செய்த பிறகே தாமாகத் தாண்டின.

கையாலாகாமையை அந்நாய்கள் ‘கற்றுக்கொண்டன’ என்றே நெடுங்காலம் எண்ணினர். ஆனால் எலிகளின் மூளையைப் பல்லாண்டு ஆராய்ந்தபின், 2016-இல் அவ்விருவருமே அக்கருத்தைத் தலைகீழாக மாற்றினர். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவது மூளைத்தண்டிலுள்ள செரோட்டோனின் அணுக்களால் இயல்பாகவே நிகழ்கிறது. அதனைக் கற்க வேண்டியதில்லை. ‘இத்துன்பத்தை என்னால் மாற்ற முடியும்’ என்பதே கற்கப்படுவது. அதனைக் கண்டறிந்து கீழ்ப்பகுதியை அடக்குவது முன்மூளை. முன்னரே ஒருமுறை தப்பிக்கக் கற்ற நாய்கள் பிறகு சோர்வுக்கு ஆளாகவில்லை என்பதையும் 1967-ஆம் ஆண்டுச் சோதனை காட்டியிருந்தது. தோல்வியையே கண்ட பிள்ளைக்கு அவன் செய்து முடிக்கத்தக்க சிறு கணக்கை முதலில் கொடுக்க வேண்டும் என்று நல்லாசிரியர்கள் கருதுவது வெறும் இரக்கத்தால் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

மற்றொரு செய்தியும் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் வெனிரோ, ஷஹாம் முதலியோர், போதைக்குப் பழகிய எலிகளுக்கு இரு நெம்புகோல்களை வைத்தனர். ஒன்று போதை மருந்தைத் தரும். மற்றொன்று தோழனிடம் செல்லக் கதவைத் திறக்கும். எலிகள் பெரும்பாலும் தோழனையே தேர்ந்தன. தோழமை தாமதமாகக் கிட்டியபோதும், அதனை நாடியதற்குத் தண்டனை கிடைத்தபோதும், மருந்தின்பால் திரும்பின. குடிகாரனைத் திருத்தும் பொருட்டு அவனோடு பேச்சை நிறுத்திவிடும் குடும்பத்தார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எலியின் மூளை மனித மூளை அன்று. மனிதன் துயரத்துக்குக் கடனும் பிரிவும் அவமானமும் காரணமாகலாம். ஆகவே இம்முடிவுகளை அப்படியே நம்மீது பொருத்திவிடலாகாது. மேலும், அந்நாய்கள் பட்ட வேதனையையும் மறத்தலாகாது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், இத்தகைய சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி செய்திருக்கிறது. அது வேண்டிய காவலே.

அப்பிராணிகளுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி ஒன்றுண்டு. அடுத்த முறை ‘சோம்பேறி’ என்ற சொல் நாவில் எழும்போது அதனை விழுங்கிவிட்டு, அம்மனிதனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவன் தாண்டக்கூடிய தடை எது என்று கண்டு, முதல் சில முறை கைப்பிடித்துத் தாண்டுவிப்போம்.