பீன்யாவிலிருந்து பேட்டைக்கு: பச்சை வழித்தடத்தில் ஒரு ஞாயிறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செல்லும் நம்மவர் பலர் காண விரும்பும் இடம் விக்டோரியா தெருச் சந்தை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்நகரில் கரையிறங்கினர். அவ்வாறு குடியேறிய இந்திய மரபினர் இன்றும் அங்கே மசாலாப் பொடிகளை விற்கின்றனர். ஓர் ஊரின் கதையைச் சந்தை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது என்பதற்கு அது ஒரு சான்று. அந்த அனுபவத்திற்காக நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பீன்யா மெட்ரோ நிலையத்தின் படியேறினால் போதும்.

1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நிறைந்துள்ளன. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கண்காணித்த இஸ்ரோ மையமும் இங்கேயே உள்ளது. எனினும் பணி, வாடகை அறை, மீண்டும் பணி என ஆண்டுகள் கழிந்தும் நகரைச் சுற்றிப் பாராதவர்கள் நம்மிடையே உண்டு. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையை அவர்கள் எவ்வாறு செலவிடலாம்?

பச்சை வழித்தடம் அதற்கு வழி காட்டுகிறது. 2014 மார்ச்சில் பீன்யாவுக்கும் சம்பிகே சாலைக்கும் இடையே தொடங்கிய இச்சேவை, 2017 ஜூனில் நகரின் தென்பகுதிவரை நீண்டது. வண்டி மாறாமலேயே கிருஷ்ணராஜேந்திரா சந்தையில் இறங்கலாம்.

1928-இல் அமைந்த இச்சந்தையில் பூ வணிகம் விடியுமுன்பே தொடங்கிவிடும். ஆகவே, முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடிப்பது நன்று. நாம் முழக்கணக்கில் கேட்கும் பூச்சரத்தை இங்கே ‘மாரு’ என்ற அளவிலும் தருவார்கள். விலை கேட்க ‘எஷ்டு’ என்ற ஒரு கன்னடச் சொல் போதும். தமிழில் மறுமொழி கிடைத்தாலும் வியப்பில்லை.

சந்தையைச் சுற்றியுள்ளது, 1537-இல் கெம்பேகவுடர் அமைத்த பழைய பேட்டை. அக்கிப்பேட்டை அரிசிக்கும், பளேப்பேட்டை வளையலுக்கும், அரளேப்பேட்டை பருத்திக்கும் உரியவை. ஞாயிறன்று பல கடைகள் மூடியிருந்தாலும், தெருப்பெயர்களே அக்கால வணிகத்தை உணர்த்தும். சற்று நடந்தால், ஹைதர் அலி தொடங்கித் திப்பு சுல்தான் 1791-இல் நிறைவு செய்த தேக்குமர அரண்மனையைக் காணலாம்.

மேலும் இரு நிலையங்கள் தள்ளி லால்பாக். 1889-இல் எழுந்த கண்ணாடி மாளிகையும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமை வாய்ந்த பாறைக் குன்றும் அங்குள்ளன. அருகிலேயே 1924-இல் தொடங்கப்பட்ட மாவள்ளி டிபன் ரூம்ஸ். இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லி பிறந்த இடமாக அறியப்படுவது இவ்வுணவகம்.

திரும்பும் வழியில் சம்பிகே சாலையில் இறங்கி மல்லேசுவரத்தைப் பார்க்கலாம். காடு மல்லேசுவரர் கோயிலில் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கொடை அளித்தவர் ஏகோஜி. பின்னாளில் தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவியவர் அவரே. தரிசனத்திற்குப் பின் ஏழாம் குறுக்குத் தெருவில் வெண்ணெய்த் தோசையும் காப்பியும் பயணத்தை இனிதே நிறைவு செய்யும்.

இனி, பணத்தைப் பற்றிச் சில சொற்கள். விடியலில் மொத்த விலைக்குப் பூ வாங்குபவர், அன்று மாலைக்குள் அதனை விற்றாக வேண்டும். வாடிய பூவுக்கு விலையில்லை. கைமுதல் இல்லாதபோது அவர் தின வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுகிறது. இந்நிலையை மாற்றவே, சாலையோர வியாபாரிகளுக்கு வங்கிக் கடன் வழங்கும் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கப்பட்டது. முறையாகத் திருப்பிச் செலுத்துவோர் அடுத்த முறை கூடுதல் தொகை பெறலாம். மின்னணு முறையில் பணம் பெறுவோருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. நாம் யுபிஐ வழியே செலுத்தும் இருபது ரூபாய் அவருடைய கணக்கில் ஒரு வரவாகப் பதிவாகிறது. எழுத்துச் சான்று இல்லாத வணிகத்திற்கு அதுவே சான்று. பேரம் பேசும்போது இதனையும் நினைவில் கொள்வோம்.

நம் பாதுகாப்பும் முக்கியம். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தபின் திரையில் தோன்றும் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லி உறுதிசெய்த பிறகே ரகசிய எண்ணை இடுங்கள். அட்டையின்மீது வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிடும் மோசடிகள் நிகழ்கின்றன. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. நெரிசலில் கைப்பேசி தொலைந்தால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள்; கணக்கிலிருந்து பணம் களவு போயிருந்தால் 1930 என்ற எண்ணையும் அழையுங்கள். இணைப்புக் கிட்டாத வேளைக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சில கைவசம் இருக்கட்டும்.

புறப்படுமுன் அன்றைய செலவுக்கான தொகையை ஒதுக்கிக்கொண்டால், மாதக் கடைசியில் வருந்த நேராது. வரும் ஞாயிறன்று வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பீன்யாவுக்குத் திரும்பும்போது கையில் ஒரு மாரு மல்லிகையாவது இருக்கட்டும்.