பிரேக் லைட் அணையவே மாட்டேங்குதா?



போன கூட்டமைப்புக் கூட்டத்தன்று வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. எல்லாம் நம் உறுப்பினர்கள் ஓட்டி வந்தவை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அதே மரத்தடியில் ஆபீஸ் பைக் ஒன்றுதான் நிற்கும். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்ததே, அப்போது வாங்கின ஸ்கூட்டிகளும் அதில் இருந்தன. சிலர் குழுக்கடனில் வாங்கியிருக்கிறார்கள். வண்டி வாங்கக் கற்றுக்கொண்டோம், ஓட்டவும் கற்றுக்கொண்டோம். ஆனால் வண்டிக்கு ஒரு சின்னக் கோளாறு வந்தால் "வீட்டுக்காரர் பார்த்துக்கிடுவார்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்ட ஒரு கோளாறைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

நம் குழு ஒன்றின் பிரதிநிதி, தவணைப் பணத்தை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி பேங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே வெள்ளாட்டுக் கூட்டம் வந்தது. சரியாகத்தான் பிரேக் பிடித்தார். பின்னால் வந்த லோடு ஆட்டோ நிற்காமல் வந்து இடித்துவிட்டது. இடது கை மணிக்கட்டு முறிந்து ஒன்றரை மாதம் கட்டோடு இருந்தார். அந்த ஒன்றரை மாதமும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போக முடியவில்லை. ஆட்டோக்காரர் சொன்னது இதுதான்: "அந்தக்கா வண்டியில சிவப்பு லைட்டு ஊர்ல இருந்தே எரிஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. எப்ப பிரேக் பிடிச்சாகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தப்பு முழுக்க அவர் மேல் இல்லை என்று சொல்ல மாட்டேன், இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. நம் பிரதிநிதியிடம் கேட்டேன். "ரெண்டு மாசமா அப்படித்தான் மேடம் எரியுது. எரியத்தானே செய்யுது, அணைஞ்சு போனாத்தானே கோளாறுன்னு இருந்துட்டேன்" என்றார்.

பிரேக் லைட் எரிவது முக்கியமில்லை, எரியாமல் இருந்து திடீரென்று எரிவதுதான் முக்கியம். அந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் காலைப் பிரேக்கில் வைப்பார். எப்போதும் எரிந்தால் அது பொட்டு மாதிரி அழகுக்குத்தான். நாலுவழிச் சாலையில் கயத்தாறு பக்கம் போகிறவர்களும், எட்டயபுரம் ரோட்டில் இருட்டில் திரும்புகிறவர்களும் யோசித்துப் பாருங்கள்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது முன் லைட் பகலிலும் எரியும். அது சட்டப்படி வைத்தது, கோளாறு இல்லை. அதோடு பின்னால் மங்கலாக ஒரு சிவப்பும் எரியும், அதுவும் சரிதான். பல்பு போட்ட வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். மங்கலாக எரிவது 5 வாட், பிரேக் பிடித்தால் பளிச்சென்று எரிவது 21 வாட். அந்தப் பளிச்சென்ற வெளிச்சம் பிரேக்கை விட்ட பிறகும் அணையவில்லை என்றால்தான் கோளாறு.

தனியாகவே பார்த்துவிடலாம். பொழுது சாயும் நேரத்தில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, சாவியை ஆன் பண்ணுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பிரேக்கைத் தொடாமலே சுவரில் சிவப்பு அடித்தால் விஷயம் அதுதான். இன்னொரு அடையாளமும் உண்டு. பெரும்பாலான ஸ்கூட்டிகளில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ப் எடுக்கும். பிடிக்காமலே எடுக்கிறதா? அப்படியானால் பிரேக் சுவிட்ச் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். இது கூடுதல் ஆபத்து. ஏனென்றால் முன்னால் குழந்தை நின்றுகொண்டு ஆக்சிலேட்டரைத் திருகும்போது கை தவறி செல்ப் பட்டனில் பட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

இந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது? ஸ்கூட்டியில் பிரேக் பிடிக்கும் இரண்டு லிவரின் அடியிலும் ஆளுக்கொன்றாக, விரல் நுனி அளவுக்கு இருக்கும். அதில் ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். லிவரை விட்டிருக்கும்போது லிவர் அந்தக் குமிழை உள்ளே அமுக்கி வைத்திருக்கும், லைட் அணைந்திருக்கும். லிவரைப் பிடித்தால் குமிழ் வெளியே வரும், லைட் எரியும். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசலிலும் காலிங்பெல் வைத்த மாதிரி, இரண்டில் எது சிக்கினாலும் லைட் எரிந்துகொண்டேயிருக்கும்.

நம்ம ஊருக் கரிசல்தான் இதற்குப் பெரிய எதிரி. மழையில் பிஞ்சைப் பாதையில் போனால் செருப்பில் அப்புகிற அதே மண் அந்த இடுக்கிலும் அப்பும். காய்ந்ததும் கல்லாகிவிடும். கோடையில் பொடிப்புழுதி உள்ளே இறங்கும். பிறகு குமிழ் அசையாது, அல்லது லிவர் முழுசாகத் திரும்பி வராது.

சரி, எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது ஒவ்வொரு லிவரையும் விரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். எதைத் தள்ளும்போது லைட் அணைகிறதோ அந்தப் பக்கம்தான் சிக்கல். இரண்டிலும் அணையவில்லையா? சாவியை ஆப் பண்ணிவிட்டு, ஒரு சுவிட்சில் மாட்டியிருக்கும் இரண்டு சின்ன வயரையும் கழற்றி, நுனிகள் ஒன்றோடொன்றோ இரும்பிலோ படாமல் பிடித்துக்கொண்டு, மறுபடி ஆன் பண்ணிப் பாருங்கள். லைட் அணைந்துவிட்டால் அந்தச் சுவிட்ச்தான். அணையாவிட்டால் அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றியும் எரிந்தால் சுவிட்ச் மேல் பழி இல்லை. எங்கேயோ வயர் உரசித் தோல் உரிந்திருக்கும், எலி கடித்திருக்கும், பல்பு ஹோல்டரில் துரு ஏறியிருக்கும். அது மெக்கானிக் வேலை. சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே காட்டிவிடுங்கள்.

சுத்தம் பண்ணுவது சுலபம். பழைய பல் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, குமிழை இருபது தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே சரியாகும் என்பது என் அனுபவம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு வழுக்கும், நாலே நாளில் புழுதியைப் பிசைந்து மறுபடி இறுகிவிடும். சுவிட்சே போயிருந்தால் புதுசு மாற்ற வேண்டியதுதான், விலை அதிகமில்லை. கடையில் "பிரேக் லைட் சுவிட்ச்" என்று வண்டிப் பெயரும் இடதா வலதா என்பதும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கையில் கொண்டு போங்கள், கூடுதலாகச் சொல்லி ஏமாற்ற முடியாது.

லிவரே திரும்பி வராமல் நின்றால் விஷயம் வேறு. அப்போது லைட் மட்டுமல்ல, பிரேக்கும் பாதி பிடித்தபடியே ஓடுகிறது. பெட்ரோல் கூடக் குடிக்கும், வண்டியைத் தள்ளினால் கனக்கும், சக்கரத்தின் நடுப்பகுதி கொதிக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் கேபிளில் மண்ணோ துருவோ ஏறியிருக்கும், அல்லது பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். இதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வீட்டுக்காரர் பைக்கில் என்றால் வலது கால் பிரேக் பெடலுக்கு மேலே, ஒரு சின்ன ஸ்பிரிங்கில் தொங்கும் சுவிட்சையும் பாருங்கள். ஸ்பிரிங் எப்போதும் இழுபட்டே இருந்தால் லைட் அணையாது. சுவிட்சின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகி, சுவிட்ச் கொஞ்சம் கீழே இறங்கும்படி செய்தால் போதும். உடம்பைத் திருகினால் வயர் முறுக்கி அறுந்துவிடும். சரி செய்த பிறகு பெடலை மிதித்து, எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி செலவும் இதில் இருக்கிறது. ஸ்கூட்டி பேட்டரி பெரும்பாலும் நாலைந்து ஆம்பியர்-அவர் அளவுதான். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தால் 21 வாட் பல்பு இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அதைக் காலி பண்ணிவிடும். நம் பிரதிநிதிகூட விபத்துக்கு முந்தின மாதம் "செல்ப் எடுக்கல" என்று புது பேட்டரி போட்டிருக்கிறார். சுவிட்சை யாரும் பார்க்கவில்லை! பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிரேக் பிடித்தால் மோட்டார் ஓட்டம் நிற்கும்படி அதில் வைத்திருப்பார்கள். சுவிட்ச் சிக்கினால் சார்ஜ் இருந்தும் வண்டி நகராது.

சிலர் தொல்லை விட்டது என்று பல்பையே கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் ராத்திரியில் பின்னால் மங்கல் வெளிச்சம்கூட இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பழைய பல் பிரஷ் எடுத்து வாருங்கள். பதிவேடு பார்த்து முடித்ததும் மரத்தடியில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது. கை கட்டு பிரித்த நம் பிரதிநிதிதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார்.