சராசரிக்குள் மறைந்த மாணவர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஜோலியட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி, 1901-ஆம் ஆண்டில் ஆறே மாணவர்களோடு ஆரம்பமான ஒரு சிறு கல்லூரியை அடியொற்றி வளர்ந்து, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947-இல் அளித்த சிபாரிசால் நாடெங்கும் பரவிய சமுதாயக் கல்லூரிகள், இன்று ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி முடித்தவர் எவராயினும், பிரவேசப் பரீட்சை என்ற தடையின்றி, குறைந்த கட்டணத்தில் இவற்றில் சேரலாம். ஒரு தொழிலுக்குரிய சான்றிதழோ இரண்டாண்டுப் பட்டமோ பெறலாம். விரும்பினால் அங்கிருந்து சர்வகலாசாலையின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச் செல்லலாம். பகலெல்லாம் கடையில் நின்று மாலையில் வகுப்புக்கு வருபவரும், குழந்தைகளை வளர்த்த பின் மீண்டும் புத்தகத்தைத் திறக்கும் தாயும், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் இளைஞரும் ஒரே அறையில் அமர்ந்து படிக்கிற இத்தகைய ஸ்தாபனம் உலகில் அபூர்வமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் வாசல் எல்லாருக்கும் திறந்திருப்பது வேறு, உள்ளே வந்தவர்கள் உத்தேசித்த இடத்தைச் சென்றடைவது வேறு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று 1990-இல் மத்திய சட்டம் ஒன்று விதித்தது. அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களோ முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து, முழுநேரமும் படிப்பவர்கள் மட்டுமே. இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள் முடித்தால்தான் வெற்றி. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், பருவத்துக்கு இரண்டு பாடங்களாக எடுத்து ஆறு ஆண்டுகளில் பட்டம் பெறும் தாயின் உழைப்பு அந்த விகிதத்தில் வெற்றியாகவும் எண்ணப்படவில்லை, தோல்வியாகவும் எண்ணப்படவில்லை. அவள் கணக்கிலேயே இல்லை. பகுதிநேர மாணவரையும் சேர்த்து எட்டாண்டு வரை பின்தொடரும் கணக்கெடுப்பு வெகுகாலம் கழித்தே வந்தது.

யாரை எண்ணுவது என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, எப்படிப் பிரித்து எண்ணுவது என்ற கேள்வி எழுகிறது. கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகளும் ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்களும் இருக்கிறார்கள். அங்கே 'ஆசியர்' என்ற ஒரே தலைப்பின்கீழ், என்ஜினீயர்களின் பிள்ளைகளான சீன, இந்திய வம்சாவளியினரும், லாவோஸ் யுத்தத்துக்குப் பின் அகதிகளாக வந்து ஃப்ரெஸ்னோ வட்டாரத்தில் குடியேறிய ஹ்மோங் மக்களின் பிள்ளைகளும் ஒன்றாகவே பதிவாகிறபோது, கிடைக்கிற உயர்ந்த சராசரி பின்னவர்களின் இன்னல்களைத் திரையிட்டு மூடிவிடுகிறது. அதற்காக வரம்பின்றிப் பிரித்துக்கொண்டே போவதும் பயன் தராது. ஒன்பது பேர் கொண்ட பிரிவில் ஒருவர் படிப்பை விட்டாலே விகிதம் 11 புள்ளிகள் சரிந்துவிடும்.

சமுதாயக் கல்லூரியில் நுழைகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் நான்காண்டுப் பட்டம் பெறவே விரும்புவதாகச் சொல்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் அதை அடைகிறவர்கள் சுமார் 16 சதவீதத்தினர்தான். கறுப்பின மாணவர், வறிய குடும்பத்தினர், இருபத்தைந்து வயதைக் கடந்து சேர்ந்தவர் ஆகியோரிடையே இது மேலும் குறைவு. இந்த வேற்றுமையைப் பார்த்தவுடன், அந்தப் பிரிவினரின் முயற்சியிலோ திறமையிலோ குறை தேடுவது சுலபம், அநியாயமும் கூட. எந்தக் கட்டத்தில் அவர்கள் நின்றுபோனார்கள் என்று பார்ப்பதற்குத்தான் புள்ளிவிவரத்தைப் பிரிவுவாரியாக வகுக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடியபோது கல்லூரிகளே கட்டி வைத்திருந்த ஒரு தடை வெளிப்பட்டது. சேரும்போது எழுதும் ஒரு சிறு பரீட்சையைக் கொண்டு, கல்லூரித் தரக் கணிதத்துக்கு இவர் தகுதி பெறவில்லை என்று முடிவு செய்து, கூட்டல் கழித்தலிலிருந்து தொடங்கும் ஆயத்த வகுப்புகளில் மாணவரை அமர்த்துவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. மூன்று ஆயத்த வகுப்புகளைத் தாண்டி நான்காவதாகத்தான் பட்டத்துக்குக் கணக்காகும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுவதாகவும், தேறிய அனைவரும் அடுத்ததில் சேருவதாகவும் தாராளமாகவே கொண்டாலும், நூறு எழுபதாகி, எழுபது நாற்பத்தொன்பதாகி, அது முப்பத்துநான்காகி, முடிவில் இருபத்துநான்கு பேர்தான் கரையேறுவார்கள். எந்த ஆசிரியரும் தம் வகுப்பை மோசமானதென்று சொல்ல முடியாது. ஆயினும் நூற்றில் எழுபத்தாறு பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள். அந்த ஏணியின் அடிப்படியில் அமர்த்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள்.

கலிபோர்னியாச் சட்டசபை 2017-இல் நிறைவேற்றிய ஏ.பி. 705 என்ற சட்டம் இந்த ஏணியை அகற்ற முற்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பெற்ற மதிப்பெண்களையே பிரதானமாகக் கொண்டு, கல்லூரித் தரப் பாடத்திலேயே அவரை நேராகச் சேர்த்து, வேண்டுமானால் அதனோடு கூடவே துணைவகுப்பு நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 2019 இலையுதிர் காலத்தில் அது முழுமையாக அமலுக்கு வந்த பின், முதற் பருவத்திலேயே கல்லூரிக் கணிதத்தில் தேறுவோர் எல்லாப் பிரிவுகளிலும் பெருகினார்கள். பிரிவுகளுக்கிடையேயான இடைவெளி மட்டும் மறையவில்லை; வழியிலிருந்த தடை அகன்றதே ஒழிய, வாடகையும் வேலைநேரமும் பஸ் கட்டணமும் அப்படியே இருந்தன.

அந்தக் கஷ்டங்களையும் கருத்தில் கொண்ட ஏற்பாடு ஒன்றை நியூயார்க் நகர சர்வகலாசாலை 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கியது. 'ஏசாப்' என்று அழைக்கப்படும் அத்திட்டத்தில், உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம் தள்ளுபடி, பாடநூலுக்கு உதவி, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இலவசச் சீட்டு, ஒவ்வொரு மாணவரையும் அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர். ஆயத்த வகுப்பு தேவைப்பட்ட வறிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தபோது, மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் மற்றப் பிரிவில் 22 சதவீதமும் திட்டத்தில் 40 சதவீதமுமாக இருந்தார்கள். மாணவர்கள் ஒரே வகையினர். கல்லூரி அவர்களை நடத்திய விதமே வேறு.

ஆனால் ஏசாப் திட்டத்தில் சேர முழுநேரமும் படிக்க வேண்டும். பருவத்துக்கு இரண்டு பாடம் படிக்கும் அந்தத் தாய்க்கு அதிலும் இடமில்லை. ஆலோசகரின் நேரத்தையும் பாடநூல் உதவியையும் பிரயாணச் சீட்டையும் அவளுடைய இரண்டு பாடங்களுக்கு ஏற்றபடி அளந்து கொடுத்தால் என்ன பலன் விளையும் என்பதை, இதே கண்டிப்போடு, குலுக்கல் போட்டுச் சோதிப்பதுதான் இனிச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு மூன்றாண்டு போதாது, ஆறு ஆண்டுகளாவது காத்திருந்து எண்ண வேண்டும்.