தட்டில் சுருண்ட படம்

மாடம்பாக்கத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் முதலில் போவது நெட்தான். அப்படி ஓர் இரவு, கரண்ட் இருந்தும் ஓடிடி படம் பாதியில் நின்றுவிட, லாஃப்டில் கிடந்த டிவிடி பிளேயரை இறக்கினேன். வருடக்கணக்கில் தூங்கிய தட்டு, போட்டதும் ஓடியது. பிள்ளைகள் படத்தைவிட அந்தத் தட்டைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. உள்ளே, நடுவில் தொடங்கி விளிம்பு நோக்கிச் சுருண்டு போகும் ஒரே தடம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். அந்தத் தடத்தைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தாம்பரத்தில் ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்குகிற தூரம்!

தடம் நெடுகிலும் நுண்ணிய குழிகள். சிவப்பு லேசர் சமதளத்தில் பட்டால் பளிச்சென்று திரும்பும், குழியில் பட்டால் மங்கும். குழி 1, சமதளம் 0 என்று நினைத்துவிடக் கூடாது. பளிச்சும் மங்கலும் மாறுகிற இடம்தான் 1. மாறாமல் நீளும் இடமெல்லாம் 0. இப்படி ஓர் அடுக்கில் 4.7 ஜிபி அடங்கும்.

ஓடிடியில் படம் முழுசாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். நெட் வேகம் குறைந்தால் ஓடிடி ஆப் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் கேட்டு வாங்கும். முகங்கள் திடீரென்று கலங்குவது அதனால்தான். நெட் நன்றாக இருந்தால் டிவிடியைவிடத் துல்லியம் அதிகம், மறுக்க முடியாது. ஆனால் தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தால் பட்டியலிலிருந்து படம் போய்விடும். தட்டு தந்தவர் எவரும் அதை அலமாரியிலிருந்து எடுத்துப் போக முடியாது.

இதனால்தான் நூலகத் தட்டுகளை நான் பெரிதாக நினைக்கிறேன். நமது பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், லாபநோக்கற்ற நூலகம் முறையாக வாங்கிய படப் பிரதியை லாபமின்றி இரவல் தருவது வணிக வாடகை ஆகாது என்கிறது. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் 34 ரூபாய்க்குத் தமிழ்ப்பட டிவிடிகளை விற்றது. அவை இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்டு, நம் கிளை நூலகங்களில் ஓர் அடுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரவல் எடுப்பவருக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, அடுத்தடுத்த தகவல்களை வரிசையாக அழிக்கும். சிறிய இடைவெளிகளை நிரப்பும் கணக்கு தட்டிலேயே எழுதியிருக்கிறது. நீண்ட ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். அப்போது கீறல் விழுந்தாலும் சுற்றுக்கு ஒரு துளிதான் போகும். அதைப் பிளேயரே சரிசெய்துகொள்ளும்.