உங்களுக்குத் தெரியுமா? சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஷூ

மும்பையில் வடாலாவை ஒட்டிய மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளி, இந்தியன் ஜிம்கானா என்று கூடைப்பந்துக்குப் பேர்போன இடங்கள் உண்டு. வெட்டவெளி சிமென்ட் தரையில் ஆடுகிறவர்களுக்குப் பந்தைவிட ஷூதான் பெரிய செலவு. உள்ளரங்க மரத்தளத்துக்கென்று செய்த மெல்லிய ரப்பரை அந்தத் தரை உப்புத்தாளாகத் தேய்த்துவிடும்.

கடையில் ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று அமுங்கினால் வேண்டாம். மீன்முள் வடிவ வரிகள் ஆழமாக இருக்கட்டும். சில நைக்கி ஷூக்களின் அடியில் 'எக்ஸ்டிஆர்' என்று பொறித்திருக்கும். எளிதில் தேயாத ரப்பர் என்று பொருள்.

மும்பைக்கென்றே இன்னொரு சங்கதி. ஷூவின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்றால், காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வேதியியலில் இது நீராற்பகுப்பு. டப்பாவோடு பரணில் பத்திரப்படுத்திய புது ஜோடி, சில வருடங்கள் கழித்துக் காலில் மாட்டியதும் பொலபொலவென்று உதிர்வது இதனால்தான். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கென்றால், ஷூ நாக்கின் உட்புறம் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.