கண் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள்



வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய விஷயம் இது. "எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது, டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரையால் வரும் கண் நோய் தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்புறம் விழித்திரை என்ற மெல்லிய படலம் உண்டு. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் பதிகிறது. மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் அதற்கு ஊட்டம் தருகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால் இக்குழாய்களின் சுவர் கெடுகிறது. முள் தைத்த இடம் வீங்குவது போல, உள்ளே அழற்சி உண்டாகிறது. ஆனால் முள் வலிக்கும்; இது வலிக்காது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6, குழாய்களைக் கசியவைக்கும் வி.இ.ஜி.எஃப். ஆகிய பொருள்கள் இந்நோய் உள்ளவர்களின் கண் நீரில் கூடியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கசிவினால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கும். எழுத்து வளைந்து தெரியும். புதிதாக முளைக்கும் பலமற்ற குழாய்கள் உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும்.

சென்னையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது.

"ரத்தம் டெஸ்ட் பண்ணினாப் போதாதா?"

போதாது. அழற்சிப் பொருள்களை அளப்பது ஆராய்ச்சிக்கூட வேலை. உங்களுக்கு வேண்டியது, சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் சோதனை.

செய்ய வேண்டியவை:

1. பெரியவர்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை கண் சோதனை செய்துகொள்ளுங்கள்.
2. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண், கர்ப்பம் தரிக்கும் முன்பும் முதல் மூன்று மாதத்திலும் கண்ணைக் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்நோய் வேகமாக முற்றலாம்.
3. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுப்பாட்டில் வையுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.
4. தேன், முலைப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.
5. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் துணையாகப் போங்கள்.

லேசர் சிகிச்சை, கண்ணுக்குள் போடும் ஊசி ஆகியவை நோயைத் தடுத்து நிறுத்த உதவும். முற்றிய பிறகு இழந்த பார்வை முழுவதும் திரும்புவது அரிது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. கண் சோதனைக்கு நாம்தான் போக வேண்டும். பாடி, கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கத்தவர்களுக்கு, 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. "ஒரு நாள் கூலி போயிடுமே" என்று தயங்காதீர்கள். லேத் ஓட்டுவதானாலும் நாற்று நடுவதானாலும், கண் போனால் எல்லா நாள் கூலியும் போகும்.

வருஷம் ஒரு நாள் கண்ணுக்கு; வாழ்நாள் முழுதும் ஒளி வீட்டுக்கு!